கடைசி வாங்கில் நீங்கள் இருந்தீர்கள்

அன்றைக்குப் பட்டமளிப்பு நடந்த மண்டபத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், மேட்றன். மேடையில், நடுக் கதிரையில், கம்பஸின் தலைவர் போதகர் அருள்தாசன். அவருக்குப் பக்கத்தில் என் பேரப்பிள்ளைக்கு ஆங்கிலம் படிப்பித்த ஜெயராணி மிஸ், மடியில் பனையோலை விசிறி. கீழே முன்வரிசையில் என் மகள் மங்களா, பச்சைப் பட்டில். அவளுக்கு அடுத்து, பேரப்பிள்ளைக்குப் பேசின மாப்பிள்ளையின் தகப்பன் பரமலிங்கமும் தாய் புவனேஸ்வரியும். காற்றாடியைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி எழும்பி எழும்பி இருந்த மனிசி அவ. பக்கக் கதவடியில் சமையல் பார்க்கிற குசினிச் செல்லம்மா, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி. அவவுக்குப் பின்னால் காவல்காரன் இராசையாவும் பஸ் ஓட்டுகிற யோசேப்பும். ஒலிவாங்கிக்கு முன்னால், கறுப்பு அங்கியும் தொப்பியுமாக, மங்களாவின் மகள், என் பேரப்பிள்ளை. பின்னால், கடைசி வாங்குப் பலகையில் நான். என் பக்கத்தில் நீங்கள்.

ஒருவரையும் விடவில்லை. இப்படி வரிசையாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வீட்டில் எனக்கு மறதி வருத்தம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இப்போதும் முன் விறாந்தையில் அந்தப் பட்டமளிப்பு வீடியோதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளைக்கு விசா வந்துவிட்டது. அடுத்த கிழமை கனடாவுக்குப் புருசனிடம் போகிறாள். வழியனுப்ப வந்த சொந்தக்காரருக்கு மங்களா அதைப் போட்டுக் காட்டுகிறாள். ஒவ்வொரு நன்றிக்கும் மண்டபம் கை தட்டுகிற சத்தம் என் அறைக்குள் வந்தது. எழும்பிப் போய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கமராக்காரன் முன்வரிசையை வடிவாகப் பிடித்திருக்கிறான். புவனேஸ்வரியின் காப்பு மினுங்குகிறது. பின்பக்கம் திரும்பும்போது மட்டும் ஒரு தூணோடு நின்றுவிடுகிறான். அந்தத் தூணுக்குப் பின்னால்தான் நாங்கள்.

"மாமியும் உதிலை இருக்கிறாவோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"அம்மா பின்னாலை எங்கையோ இருந்தவ. ஆரோ ஒரு மனிசியோடை," என்றாள் மங்களா.

ஆரோ ஒரு மனிசி. நான் திரும்பி வந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, இதை எழுதக் குந்தினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் உங்களுக்கு அது பெரிய விசயமாக இருக்காது.

உங்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் ஒரு கதைதான் இருக்கிறது. சைவப் பிள்ளைகளை மதம் மாற்றப் பார்த்து வேலை போன விடுதி மேட்றன் என்பது அந்தக் கதை. அது பொய் என்று சொல்லக்கூடிய வாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த வாய் அன்றைக்கு மேடையில் நின்றது. குசினிக்காரிக்கும் காவல்காரனுக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னது. உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

நானும் இதில் உங்கள் பெயரை எழுதப்போவதில்லை. அது அவள் வாயால், அந்த இடத்தில், அத்தனை பேருக்கும் முன்னால் வந்திருக்க வேண்டிய பெயர். மறதிக்காரி எழுதினால் அதற்கு என்ன பெறுமதி.

பிள்ளையை முதல் நாள் விடுதிக்குக் கொண்டுவந்து விட்டது நானும் மங்களாவும். சண்டிலிப்பாயிலிருந்து வான் பிடித்து, றங்குப்பெட்டியும் தலையணையும் ஏற்றி, பிள்ளையார் படத்தை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கிறிஸ்தவர்கள் நடத்துகிற வேதக்கார இடம் என்று மங்களாவுக்கு வழி முழுக்கப் பயம். தகப்பன் இல்லாத பிள்ளை, எதையாவது சொல்லி மாற்றிப்போடுவார்கள் என்று. விடுதி வாசலில் நீங்கள் நின்றீர்கள். வெள்ளைச் சேலை, இடுப்பில் அறைகளின் திறப்புக் கோர்வை. முதலில் பார்த்தது என் மடியைத்தான்.

"உங்கடை பிள்ளையார் எந்தப் பக்கம் பாக்கவேணும், அம்மா?"

"கிழக்கை," என்றேன்.

"அப்ப உந்தக் கட்டில் சரிவராது. யன்னலடிக் கட்டிலைத் தாறன்."

யன்னலடிக் கட்டிலில் ஏற்கெனவே ஒரு பிள்ளை போர்வை விரித்து, தலைமாட்டில் யேசு படம் கொழுவியிருந்தது. அந்தப் பிள்ளை முகத்தை நீட்டினது. "மோனை, உன்ரை ஆள் எந்தப் பக்கமும் பாப்பார். நீ இஞ்சாலை வா," என்றீர்கள். மங்களாவும் சிரித்தாள். அவள் அன்றைக்குச் சிரித்ததை நான் இப்போது சொன்னால், "எப்ப சிரிச்சனான்?" என்று கேட்கிறாள். மறதி யாருக்கு என்று பாருங்கள்.

இரண்டாம் வருடம் பிள்ளைக்கு நடந்தது எனக்கோ மங்களாவுக்கோ அந்த நேரம் தெரியாது. லீவுக்கு வந்தவள் மெலிந்திருந்தாள். படிப்பு கூடிப்போச்சு என்றாள். நாங்கள் முருங்கைக்காய்க் கறி வைத்துக் கொடுத்து அனுப்பினோம். இனி எழுதுவது அவள் பிறகு தானே எனக்குச் சொன்னது.

நித்திரை போய்விட்டதாம். சாப்பாடு இறங்கவில்லையாம். ஒருநாள் மத்தியானம், எல்லாரும் வகுப்பில் இருந்த நேரம், விடுதிக் கிணற்றுக் கட்டின்மேல் ஏறி, காலை உள்ளுக்குத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தாளாம். நீங்கள் கண்டீர்கள். ஓடி வரவில்லை, கத்தவில்லை. ஆறுதலாக நடந்து வந்து, சேலையை ஒதுக்கி, நீங்களும் அவளுக்குப் பக்கத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தீர்களாம்.

"நானும் கொஞ்ச நேரம் இருக்கிறன். எனக்கு நீந்தத் தெரியாது. நீ விழுந்தா நானும் விழவேணும், அதாலை அசையாமல் இரு, மோனை."

கையில் வைத்திருந்த அவித்த பனங்கிழங்கை உரித்து, தும்பெடுத்து, முறித்து முறித்துக் கொடுத்தீர்களாம். கிழங்கு முடியுமட்டும் ஒன்றும் கேட்கவில்லையாம். முடிந்த பிறகு, "நித்திரை வருகுதில்லையோ?" என்று மட்டும் கேட்டீர்களாம். அதற்குத்தான் அவள் அழத் தொடங்கினாளாம். இதைச் சொல்லும்போதும் அழுதாள். அந்த அழுகை பொய் இல்லை, மேட்றன். அதனால்தான் எனக்குப் பிறகு நடந்தது விளங்குவதில்லை.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் அவளை ஆசுபத்திரியின் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். வருத்தம் வந்த பிள்ளைக்கு வைத்தியம், அவ்வளவுதான். காய்ச்சலுக்குப் போனால் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போகலாம். இதற்குப் போனால் எங்கள் ஆட்களிடம் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது, விசர். அது ஒருமுறை ஒட்டினால் பிறகு ஒருவரும் கலியாணம் பேசி வாசலுக்கு வரமாட்டார்கள். பிள்ளை உங்கள் கையைப் பிடித்து, "அம்மாவுக்குத் தெரியக்கூடாது, ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்று வாக்கு வாங்கினாள். நீங்கள் கொடுத்தீர்கள். அந்த வாக்குத்தான் உங்களைத் தின்றது.

ஒரு வியாழக்கிழமை பிள்ளையின் பிறந்தநாள். மங்களா பயத்தம் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் விடுதிக்குப் போனாள். பிள்ளை இல்லை. வகுப்பிலும் இல்லை. மேட்றனோடு வெளியே போனது என்று மட்டும் இராசையா சொன்னான். அவள் வாசல் படலையடியிலேயே நின்றாள். பஸ்ஸால் நீங்கள் இரண்டு பேரும் இறங்கினீர்கள். பிள்ளை கிளினிக்கில் அழுது, குழாயடியில் முகம் கழுவியிருந்தது. நெற்றியில் திருநீறும் இல்லை, பொட்டும் இல்லை. மங்களா கண்டது அதைத்தான்.

"என்ரை பிள்ளையை எங்கை கொண்டுபோனனீங்கள்?"

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

"செபக்கூடத்துக்கோ? அங்கை கொண்டுபோய்த்தான் நெத்தியை அழிச்சனீங்களோ?"

"நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். பிள்ளையிலை பிழை இல்லை," என்று மட்டும் சொன்னீர்களாம். எங்கே என்று வாய் திறக்காததை மங்களா ஓம் என்று எடுத்துக்கொண்டாள். எங்கள் ஆட்களுக்கு வெறும் நெற்றியைக் கண்டால் வேறு ஒன்றும் தோன்றாது. பிள்ளை உங்களுக்குப் பின்னால் நின்று நிலத்தைப் பார்த்தது. மதம் மாறப் போனாள் என்று தாய் நினைப்பது, விசருக்கு மருந்தெடுத்தாள் என்று ஊர் சொல்வதைவிடப் பரவாயில்லை என்று அந்த இடத்திலேயே அதற்குக் கணக்குத் தெரிந்துவிட்டது.

மங்களா அடுத்த நாளே கோயில் ஆட்களையும் கூட்டிக்கொண்டு தலைவரிடம் போனாள். கம்பஸுக்கு எங்கள் ஊர்களில் அதுதான் பயம். இருக்கிற பிள்ளைகளில் அரைவாசி சைவப் பிள்ளைகள். மதம் மாற்றுகிற இடம் என்று பெயர் வந்தால் கதவைப் பூட்ட வேண்டியதுதான். போதகர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டார். "நான் ஒரு பிள்ளையையும் மாத்தேல்லை, ஐயா. அதுக்கு மேலை என்னட்டைச் சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லை," என்றீர்கள். கொஞ்ச நாள் ஓய்வாக இருங்கோ என்று சொல்லி உங்களை அனுப்பினார்கள். அந்த ஓய்வு முடியவேயில்லை. எவ்வளவு காலம் பிள்ளைகளை எழுப்பி, உலுப்பி, காய்ச்சலுக்குக் கஞ்சி பருக்கின கை. ஒரு பிரியாவிடைத் தேத்தண்ணிகூட இல்லை.

அந்த லீவுக்கு வந்தபோதுதான் பிள்ளை எனக்கு எல்லாம் சொன்னாள். நான் அடுத்த நாள் காலையே நீர்வேலிக் கதலியில் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு, பஸ் மாறி, காங்கேசன்துறைப் பக்கம் உங்கள் தம்பி வீட்டுக்கு வந்தேன். இராணுவம் பிடித்து வைத்திருந்து விட்ட காணி. பழைய சுவருக்குப் புதுத் தகரம் போட்டிருந்தது. நீங்கள் முற்றத்தில் குந்தி இருந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"இவ்வளவு காலமும் ஆமி இருந்தவன், ஒரு நல்ல கல்லாவது விட்டிட்டுப் போனானோ பாருங்கோ," என்று சிரித்தீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் இண்டைக்கே போய்த் தலைவரிட்டைச் சொல்லப்போறன். மங்களாவின்ரை காதிலையும் போடப்போறன்," என்றேன்.

நீங்கள் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தீர்கள். "வேண்டாம், அம்மா. அவள் இப்பதான் எழும்பி நிக்கிறாள். இப்ப தள்ளினா விழுந்திடுவாள்."

"உங்கடை பேர் கெட்டுக் கிடக்குதே."

"நீங்கள் சொன்னா அது ஊர்க்கதை. அவள் சொன்னாத்தான் சாட்சி. தான் சொல்லுறன் எண்டு எனக்குச் சொன்னவள். அவளுக்குக் காலம் குடுங்கோ."

நான் பேசாமல் வந்தேன். உங்கள் சொல்லுக்காக வந்தேன். பிள்ளையும் எனக்குக் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். படிப்பு முடியட்டும், அம்மம்மா, எல்லாருக்கும் முன்னாலை நானே சொல்லுறன் என்று. நான் நம்பினேன்.

அவள் தேறித் திடமாக வந்தாள். தன் பிரிவில் முதலாவதாக வந்தாள். பட்டம் எடுக்கிற எல்லாப் பிள்ளைகளின் சார்பிலும் நன்றியுரை சொல்ல அவளைத் தெரிவு செய்தார்கள். பின் வளவில் மாட்டுக்கு வைக்கோல் இழுத்துக்கொண்டிருந்த என்னை நிறுத்தி வைத்து அவள் அதைப் பேசிப் பழகினாள். கடைசியாக உங்கள் இடம் வரும். "நான் நோயாளியாக இருந்தேன். என்னைக் கைபிடித்து வைத்தியரிடம் கூட்டிச் சென்றவர் எங்கள் மேட்றன். அவர் என்னை மதம் மாற்றவில்லை, மனுசியாக மாற்றினார்." அதற்குப் பிறகு உங்கள் முழுப் பெயர். மாடு தலையை ஆட்டியது. "மாட்டுக்கும் விளங்குது, அம்மம்மா," என்று சிரித்தாள். நான் சேலையால் கண்ணைத் துடைத்தேன்.

உங்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கூப்பிட்டதும் அவள்தான். "கட்டாயம் வரவேணும், மேட்றன். முன்னுக்கு இருக்கவேணும்." நீங்கள் சொன்ன மறுமொழி எனக்கும் கேட்டது. "முன்னுக்கு எனக்கு என்ன வேலை. பின்னாலை இருந்தா காத்தும் வரும், நித்திரையும் கொள்ளலாம்."

அன்றைக்குக் காலையில்தான் மங்களா சொன்னாள், மாப்பிள்ளை வீட்டாரும் வருகினம் என்று. கனடா மாப்பிள்ளை, நல்ல இடம். தரகரிடம் அவர்கள் விசாரித்தது ஒன்றைத்தான். குடும்பத்திலை விசர், வலிப்பு ஒண்டும் இல்லையே என்று. பிள்ளை தலை இழுத்துக்கொண்டிருந்தவள், சீப்பு நின்றது. பிறகு இழுத்தாள். நான் கண்டேன். கண்டும் அவள் சொல்வாள் என்றுதான் இருந்தேன்.

நான் முன்வரிசைக்குப் போகாமல் உங்களோடு கடைசி வாங்கில் இருந்தேன். நீங்கள் இளநீலச் சேலை, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல். உங்கள் கழுத்து எலும்பு தெரிந்தது. அப்போதே உங்களுக்குச் சுகமில்லை. இராசையா வந்து உங்கள் கையைப் பிடித்துவிட்டுப் போனான். மற்றவர்கள் கண்டும் காணாததுபோல நடந்தார்கள்.

அவள் பேசினாள். தலைவருக்கு நன்றி. ஜெயராணி மிஸ்ஸுக்கு நன்றி, தன் நாக்கை நிமிர்த்தினதற்கு. செல்லம்மாவுக்கு நன்றி, பருப்பைத் தண்ணீரில் ஒளித்து வைத்தாலும் பசியாற்றினதற்கு. மண்டபம் சிரித்தது. இராசையாவுக்கு, பிந்தி வந்தால் படலையை மூடாமல் கண்ணை மூடினதற்கு. யோசேப்புக்கு, மழை வெள்ளத்திலும் பஸ்ஸைக் கொண்டு வந்ததற்கு. கூட்டித் துடைக்கிற பெண்களுக்கும் பெயர் பெயராக. ஒருவரையும் அவள் மறக்கவில்லை. நினைவு எங்கள் குடும்பத்துச் சொத்து.

"விடுதியில் எங்களைத் தாயைப்போலப் பார்த்த..." என்று தொடங்கினாள்.

நின்றாள். கீழே முன்வரிசையைப் பார்த்தாள். புவனேஸ்வரி தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையின் கண் நெடுகப் பின்னுக்கு வந்து, தூண் வரை வந்து, அங்கே நின்று, திரும்பிப் போனது.

"...எல்லோருக்கும் நன்றி," என்றாள்.

அந்த எல்லோருக்கும் என்ற சொல்லுக்குள் உங்களைப் போட்டு மூடினாள். நான் எழும்பினேன். சத்தம் போடத்தான் எழும்பினேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து இருத்தினீர்கள். வருத்தக்கார ஆளுக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று தெரியாது. மற்றக் கையால் உங்கள் தொடையில் தட்டிக் கை தட்டினீர்கள். மண்டபத்தில் கடைசியாக ஓய்ந்த கைதட்டல் உங்களுடையது.

வெளியே மரத்தடியில் றோல்ஸும் தேத்தண்ணியும். நீங்கள் அவளிடம் போனீர்கள், வாழ்த்தத்தான். அவள் மாப்பிள்ளையின் தாய்தகப்பனோடு படத்துக்கு நின்றாள். உங்களைக் கண்டதும் முகம் வெளுத்தது. "வந்ததுக்குச் சந்தோசம்," என்றாள். "இவ ஆர், பிள்ளை?" என்று புவனேஸ்வரி கேட்க, "முந்தி இஞ்சை வேலை செய்தவ, மாமி," என்றாள்.

நான் உங்களோடு பஸ்தரிப்பு வரைக்கும் நடந்து வந்தேன். வெயில் கொளுத்தியது. நீங்கள் கல்லில் இருந்துகொண்டீர்கள்.

"அவளை ஏசாதேங்கோ, அம்மா."

"ஏசாமல்? கொஞ்சச் சொல்லுறியளோ?"

"அவள் இப்ப நித்திரை கொள்ளுறாளோ?"

"ஓம்."

"சாப்பிடுறாளோ?"

"வடிவாச் சாப்பிடுறாள்."

"அப்ப எனக்கு அது போதும்," என்றீர்கள். பஸ் வருகிறதா என்று பார்த்தீர்கள். வரவில்லை. றோட்டைப் பார்த்தபடியே இருந்து, பிறகு என்னைப் பாராமல் சொன்னீர்கள். "நான் எதிர்பாக்கேல்லை எண்டு சொன்னா அது பொய், அம்மா."

உங்கள் வாயிலிருந்து உங்களுக்காக வந்த ஒரே சொல் அதுதான். பஸ் வந்தது, ஏறினீர்கள், யன்னலால் கை காட்டினீர்கள். நான் அந்தக் கல்லில் இருந்துகொண்டேன். எழும்ப மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன். "வருத்தத்தைச் சொல்ல வேண்டாம். பேரையாவது சொல்லியிருக்கலாமே."

"பேரைச் சொன்னா ஏன் எண்டு கேப்பினம், அம்மம்மா. எனக்கும் ஒரு வாழ்க்கை இருக்குது," என்றாள். அதுவும் உண்மைதான். அவளுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. உங்களுக்கும் ஒன்று இருந்தது.

அவள் கலியாணம் முடிந்த பிறகு, நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள் என்று உங்கள் தம்பி அறிவித்தபோது, ஒருக்கால் போய்ப் பார், ஒரு சொல் சொல்லு, கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று அவளைக் கெஞ்சினேன். விசா அலுவல் முடியட்டும் என்றாள். விசா அலுவல் முடியுமுன் நீங்கள் முடிந்தீர்கள்.

செத்தவீட்டுக்கு நான் தனியத்தான் வந்தேன். கம்பஸிலிருந்து வந்தது யோசேப்பு ஒருவன்தான். வேறு ஒரு போதகர் செபம் சொன்னார். நீங்கள் பிறந்ததையும் வளர்ந்ததையும் சொன்னார், இடம்பெயர்ந்ததையும் சொன்னார். கம்பஸ் காலத்தைத் தாண்டிப் பாய்ந்து மோட்சத்துக்குப் போய்விட்டார். வேலியடியில் இரண்டு பெண்கள் கதைத்தார்கள்.

"உவதானே பிள்ளையளை மாத்தப் பாத்தவ."

நான் அவர்களுக்கு முன்னால் போய் நின்றேன். "என்ரை நெத்தியைப் பாருங்கோ. அவ பாத்த பிள்ளையின்ரை அம்மம்மா நான். அந்தப் பிள்ளை இண்டைக்கும் வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்குது. ஆரை மாத்தினவ? சொல்லுங்கோ."

"ஓம் அம்மா, ஓம். இருங்கோ, வெயில்," என்று எனக்குக் கதிரை தந்தார்கள். கிழவிக்குத் தருகிற மரியாதை. பின்னால் போய்த் தொடர்ந்து கதைத்தார்கள்.

நீங்கள் போட்ட பூட்டு உங்களோடு போய்விட்டது என்று நினைத்து, நான் தலைவரிடம் போகப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டே போனேன். அவர் நல்ல மரியாதையாகக் கேட்டார். கிணறு, கிளினிக், வெறும் நெற்றி, எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்து, மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"முடிஞ்ச விசயம், அம்மா. அவவும் கடவுளிட்டைப் போயிட்டா. இனி ஏன் கிளறவேணும்?"

"நீங்கள் ஒரு ஆராதனையிலை எழும்பி ஒரு வசனம் சொன்னாப் போதும், ஐயா."

"உங்கடை பேரப்பிள்ளை காலமை போன் எடுத்துக் கதைச்சவ. அம்மம்மாவுக்கு மறதி வருத்தம் தொடங்கியிருக்குது, ஏதும் மாறிச் சொன்னா மனசிலை எடுக்காதேங்கோ எண்டு. தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது."

நான் குடிக்கவில்லை. என் கொழுந்தன் வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டான் என்று அவன் செத்தவீட்டுக்கும் போகாதவள் நான். அந்தக் கோபமெல்லாம் எவ்வளவு சின்னது என்று அந்தக் கதிரையில் இருந்தபோது எனக்கு விளங்கியது.

சொன்ன சொல்லை மெய்ப்பிக்க வேண்டுமே. கொஞ்ச நாளில் பிள்ளை என்னை மறதிக்குக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாள். அதே கிளினிக். அதுவும் வியாழக்கிழமைதான். மங்களா வரவில்லை, நானும் அவளும் மட்டும். வாங்கில் இருந்தோம். பக்கத்தில் ஒரு கிழவர் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. டொக்டர்ப் பிள்ளை என்னைக் கிழமை கேட்டது, மாதம் கேட்டது, சொல்லிக் கொடுத்த சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னது. எல்லாம் சொன்னேன். "அம்மம்மாவுக்கு என்னைவிட ஞாபகம்," என்று சிரித்தது. வீட்டில் வந்து, தொடக்கம்தானாம் என்று இவள் சொன்னது வேறு கதை.

ஆனால் நான் எழுத வந்தது அதை இல்லை. வெளியே வந்தபோது, மருந்து கொடுக்கிற இடத்தில் நின்ற தாதி இவளைக் கண்டு முகம் மலர்ந்தாள்.

"உம்மை எனக்குத் தெரியுமே. மேட்றனோடை வாறனீர் எல்லோ? எவ்வளவு வடிவா இருக்கிறீர் இப்ப. அவ எப்பிடி இருக்கிறா?"

அந்தப் பெண்ணுக்கு நீங்கள் செத்தது தெரியாது. புவனேஸ்வரி அங்கே இல்லை. மங்களா இல்லை, போதகர் இல்லை, ஊர் இல்லை. நித்திரை கொள்ளுகிற ஒரு கிழவரும், எல்லாம் தெரிந்த நானும், அவள் வருத்தம் தெரிந்த ஒரு தாதியும். நான் இவள் முகத்தைப் பார்த்தேன். இங்கேயாவது சொல்லுவாள், செத்துப்போனா என்றாவது சொல்லுவாள், அதைச் சொல்லும்போதாவது குரல் உடையும் என்று பார்த்தேன்.

"எந்த மேட்றன்?" என்றாள். "நீங்கள் வேறை ஆரையோ சொல்லுறியள், மிஸ்ஸி."

மங்களாவை நான் விட்டுவிடுகிறேன். அவள் தெரியாமல் கத்தினாள், தாய் கத்துகிற மாதிரிக் கத்தினாள். புவனேஸ்வரிக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. போதகர் பயந்த மனிசன், அவரை அவருடைய கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். மேடையில் வாய் அடைத்ததைக்கூட, இளம் பிள்ளை, கால் நடுங்கியிருக்கும் என்று என்றைக்காவது ஆற்றிக்கொள்ளலாம். எனக்கு மறதி என்று சொன்னதையும் சாகும்போது விட்டுவிடலாம். பயம் இருக்கிற இடத்தில் பொய் வரும். பயப்பட ஒருவரும் இல்லாத இடத்தில், உங்கள் கைபிடித்து வந்து இருந்த அந்த வாங்கடியில், அவள் உங்களைத் தெரியாது என்றாள்.

கெட்ட பிள்ளை என்று சொல்ல மாட்டேன். என் மருந்துக் குளிசையை நேரம் தவறாமல் தருகிறாள். என் சேலையைத் தோய்த்து மடித்து வைக்கிறாள். அதனால்தான் எனக்கு ஒரு வழியும் இல்லை. அடுத்த கிழமை அவள் பிளேன் ஏறினால், உங்கள் பெயரில் ஒட்டின அழுக்கைத் துடைக்கக்கூடிய ஒரே வாயும் கடலுக்கு அப்பால் போய்விடும். பிறகு இங்கே இருக்கப்போவது அந்தக் கதையும், மறதிக்காரி ஒருத்தியும்தான். போகிற அன்றைக்கு அவள் என் காலில் விழுவாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அவள் நெற்றியில் பூசத் திருநீற்றில் கை வைக்க மாட்டேன்.

மன்னிக்காத இந்த ஒன்றை மட்டும் சுமந்துகொண்டு போகப்போகிறேன், மேட்றன், உங்களிடம் வரும்வரைக்கும். நீங்கள் கேட்டாலும் இறக்கமாட்டேன். அவள் பெயர் தர்சிகா.